வியாழக்கிழமைப் படிப்பு

பெவர்லி ரிம்மர் நாற்பத்தேழாவது வயதில் அப்ரண்டிஸ் ஆனாள். லங்காஷயரின் அந்த மலைச்சரிவு ஊரில் அப்ரண்டிஸ் என்றால் பள்ளிக்கூடத்தை விட்ட கையோடு ஸ்பானர் பையைத் தூக்கிக்கொண்டு மேஸ்திரி பின்னால் ஓடுகிற விடலைப் பையன். ஆஸ்பத்திரியின் வெளிநோயாளர் பிரிவு முழுவதையும் கட்டி மேய்க்கிற ஒருத்தி, பேரன் எடுக்கிற வயதில் அந்தப் பெயரைச் சூட்டிக்கொண்டால் ஊர் சும்மா விடுமா? முதலில் விடாதவன் அவள் புருஷன் க்ளைவ்.

"என்ன, இன்னிக்கு உங்க மேஸ்திரி கட்டம் போட்ட பெயிண்ட் ஒரு டப்பா வாங்கிட்டு வரச் சொன்னாரா?" என்று தினமும் கேட்பான். குழாய் வேலை பார்க்கிறவன் அவன். பதினாறு வயதில் வேலைக்குப் போன முதல் நாள், உலகத்திலேயே இல்லாத அந்தப் பெயிண்டைத் தேடி நிஜமாகவே கடை கடையாக அலைந்தவன். அந்த வயிற்றெரிச்சலை இத்தனை வருஷம் கழித்து மனைவியின் தலையில் இறக்கினான்.

பெவ் சிரித்துக்கொள்வாள். ஆனால் அவளுக்கு அது விளையாட்டுச் சமாச்சாரம் இல்லை. பதினாறு வயதில் படிப்பை நிறுத்தி ரொட்டிக் கடையில் நின்றவள், பிறகு ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் கோப்புகளை வண்டியில் வைத்துத் தள்ளுகிற வேலைக்கு வந்தாள். அங்கிருந்து வரவேற்பு மேசை, அங்கிருந்து அப்பாயின்ட்மென்ட் பிரிவு, கடைசியில் மேலாளர். இடையில் அவளுக்கு மேலே எத்தனையோ பேர் பட்டத்தோடு வந்தார்கள். "இது எப்படி நடக்குது, பெவ்?" என்று அவளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, அதை வேறெங்கோ சொல்லி மேலே போனார்கள். அடுத்த படியில் ஒரு வேலை காலியானபோது விளம்பரத்தில் 'பட்டம் அவசியம்' என்று போட்டிருந்தது. அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள்.

வேலையை விடாமல், அப்ரண்டிஸ் என்ற பெயரில் படிக்கிற படிப்பு அது. தலைமைப் பண்பில் பட்டம். வாரத்தில் ஒரு நாள் படிப்புக்கு ஒதுக்கியே ஆகவேண்டும், ஆஸ்பத்திரி அதில் கை வைக்கக்கூடாது என்பது சட்டம். பெவ்வுக்குக் கிடைத்தது வியாழக்கிழமை. சட்டம் சொல்லாத ஒன்று, அந்த வியாழக்கிழமையை யார் சுமப்பது என்பது. அதைச் சுமந்தவள் மாக்சின் பில்லிங்.

மாக்சின் அவளுடைய துணை மேலாளர். அது பதவி. உண்மையில் இருவரும் ஒரே வருஷத்தில் வேலைக்குச் சேர்ந்து, ஒரே கோப்பு வண்டியை இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி என்று தள்ளியவர்கள். ஒருத்தியின் பிள்ளைப்பேற்றுக்கு இன்னொருத்தி காரோட்டிக் கொண்டுபோனவள். மாக்சினுக்கு வாய் அதிகம். "எங்க ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரு மூளைதான். வியாழக்கிழமை அதை இவ வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிடறா, நான் வெறும் மண்டையோட கண் கிளினிக்கை ஓட்டறேன்" என்று டாக்டர்களிடமே சொல்வாள். அவர்களும் சிரிப்பார்கள்.

படிப்பின் இரண்டாம் வருஷம், பிப்ரவரியில், மாக்சினின் அம்மா ஷீலா ஹாஸ்பிஸில் படுத்துவிட்டாள். நுரையீரல் போய்விட்டது. அந்த ஊரில் ஹாஸ்பிஸுக்குப் போனவர்கள் நடந்து திரும்பி வந்ததில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை, கெட்டில் கொதிப்பதற்காக இருவரும் பின்பக்கச் சமையலறையில் நின்றிருந்தார்கள். மாக்சின் கோப்பைகளை வரிசையாக வைத்தபடியே பேசினாள்.

"வியாழக்கிழமை அம்மாவைப் போய்ப் பார்த்துட்டு வரலாமான்னு யோசிச்சேன். நேத்து அங்க நர்ஸ் ஏதோ சொன்னா. பெரிசா ஒண்ணுமில்ல. உனக்குப் படிப்பு இருக்கும்ல? முடியலைன்னா பரவாயில்லடி."

லங்காஷயர்காரி 'பரவாயில்ல' என்றால் என்ன அர்த்தம் என்று அந்த ஊரில் பால் குடிக்கிற குழந்தைக்குக்கூடத் தெரியும். காத்திருக்கும் கூடத்திலேயே மாரடைப்பு வந்து சரிந்த ஒரு பெரியவர், வரிசையை மறித்துவிட்டதற்காக எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே ஸ்ட்ரெச்சரில் போனார். கால் முறிந்து வருகிறவர்கள் "உங்க நேரத்தை வீணாக்கறேனோ?" என்றுதான் ஆரம்பிப்பார்கள். அந்த ஜனங்கள் வாய்விட்டுக் கேட்கமாட்டார்கள். ஜாடையாகக் கேட்பார்கள், கேட்ட மறு நிமிஷமே தாங்களே திரும்ப எடுத்துக்கொள்வார்கள். எடுத்துக்கொள்ளும்போது எதிராளி கையைப் பிடித்துத் தடுக்கவேண்டும். அதுதான் முறை. பெவ் அந்த மண்ணில் பிறந்து வளர்ந்தவள். அவளுக்குத் தெரியும்.

ஆனால் அந்த வியாழக்கிழமை அவளுடைய குழு வகுப்பில் பேசவேண்டிய நாள். அவள் இல்லாவிட்டால் மற்றவர்களுக்கும் மதிப்பெண் போகும். அது ஒரு காரணம். இன்னொரு காரணம், சொல்லவே கூசுகிற காரணம்: அவளுக்குப் பேச ஆசையாக இருந்தது. புதுச் சட்டைகூட இஸ்திரி போட்டு வைத்திருந்தாள்.

"வெள்ளிக்கிழமை போயேன்? வெள்ளி முழுக்க நீயே எடுத்துக்கோ, நான் பார்த்துக்கறேன்" என்றாள்.

"ஆங், வெள்ளியே வசதிதான்" என்று மாக்சின் கோப்பைகளில் பாலை ஊற்றினாள்.

வியாழக்கிழமை பெவ் வீட்டின் பின்னறையில் கணினி முன்னால் உட்கார்ந்து பேசினாள். அன்றைய தலைப்பு, கீழே வேலை செய்கிறவர்களைப் பரிவோடு வழிநடத்துவது எப்படி என்பது. கதை கட்டுகிறவனுக்குக்கூட இவ்வளவு துணிச்சல் வராது; ஆனால் அப்படித்தான் நடந்தது. நன்றாகப் பேசினாள், திரையில் எல்லோரும் கைதட்டினார்கள். சாயங்காலம் ஃபோனை எடுத்துப் பார்த்தபோது மாக்சினிடமிருந்து ஒரு செய்தி வந்திருந்தது.

'அம்மா போயிட்டாங்க. நான் போய்ச் சேர்றதுக்குள்ள முடிஞ்சிடுச்சு. கண் கிளினிக் சாவி உன் டிராயர்ல இருக்கு. கடைசி ரெண்டு நோயாளிங்களை அப்படியே விட்டுட்டு வந்துட்டேன், ஸாரி.'

பெவ் அந்த 'ஸாரி'யைப் பார்த்துக்கொண்டே படியில் உட்கார்ந்துவிட்டாள். க்ளைவ் வந்து என்னவென்று கேட்டதற்கு, "மாக்சினோட அம்மா தவறிட்டாங்க" என்று மட்டும் சொன்னாள். மீதியைச் சொல்லவில்லை.

செய்யவேண்டியதையெல்லாம் செய்தாள். அனுதாப அட்டை வாங்கி எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினாள், பூவுக்கு ஏற்பாடு செய்தாள், தகனத்துக்குப் போனாள், அதற்குப் பிறகு பப்பில் கொடுத்த ஹாம் சாண்ட்விச்சை மென்றாள். மாக்சினைக் கட்டிக்கொண்டபோது வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. இங்கே வேண்டாம், இத்தனை பேருக்கு நடுவில் வேண்டாம் என்று விழுங்கிவிட்டாள். "வந்ததுக்கு ரொம்ப நன்றி" என்றாள் மாக்சின், தூரத்து உறவுக்காரியிடம் சொல்வதுபோல.

வேலைக்குத் திரும்பிய மாக்சின் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சிரித்தாள், டாக்டர்களைக் கிண்டல் செய்தாள், வியாழக்கிழமைகளை எப்போதும்போல் பார்த்துக்கொண்டாள். ஒரே ஒரு மாற்றம். முதல் நாள் டீ போடும்போது பெவ்வைப் பார்த்து, "உனக்குப் பால் போடணுமா?" என்று கேட்டாள்.

இருபது வருஷத்துக்கும் மேலாக அவள் டீயைக் கேட்காமலே போட்டுக் கொடுத்தவள். அந்த ஊரில் கத்திச் சண்டை போடமாட்டார்கள். கத்தியை இப்படித்தான் செருகுவார்கள். பெவ் "கொஞ்சமா" என்று சொல்லி வாங்கிக்கொண்டு தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். பெவ்வின் நெஞ்சு குறுகுறுத்ததோடு நிற்கவில்லை, கூடவே வந்தது. காரில் வந்தது, கூட்டத்தில் பக்கத்தில் உட்கார்ந்தது, சூப்பர் மார்க்கெட்டில் மாக்சின் அம்மாவுக்குப் பிடித்த இஞ்சி பிஸ்கட்டைக் கண்டால் வண்டியைத் திருப்பிக்கொண்டு அடுத்த வரிசைக்கு ஓட வைத்தது. திங்கள் சொல்லிவிடலாம், செவ்வாய் சொல்லிவிடலாம் என்று தள்ளித் தள்ளி மார்ச் முடிந்தது.

அப்போதுதான் படிப்பில் ஒரு கட்டுரை வந்தது. தலைமைப் பொறுப்பில் நீங்கள் தவறிய ஒரு தருணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். என்ன நடந்தது, என்ன உணர்ந்தீர்கள், என்ன கற்றுக்கொண்டீர்கள், பிறகு என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள். அந்தப் படிப்பில் எல்லாவற்றையும் எழுதவேண்டும். தடுக்கி விழுந்தாலும் எழுந்திருக்கும் முன் எழுதவேண்டும்.

பெவ் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வறுத்த மாட்டிறைச்சி அடுப்பில் இருக்கும்போதே சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ஒரே மூச்சில் எழுதினாள். மாக்சின் பெயரைப் போடாமல் 'சக ஊழியர் ஒருவர்' என்று போட்டாள். தனக்குப் புரிந்திருந்ததையும், புரியாததுபோல் நடித்ததையும், இஸ்திரி போட்ட சட்டையையும்கூட எழுதினாள். எழுதும்போது அழுதாள். கடைசிப் பகுதிக்கு, பிறகு என்ன செய்தீர்கள் என்பதற்கு, வந்தபோது நாளைக்குக் கட்டாயம் பேசிவிடுவோம் என்ற உறுதி இருந்தது. அதனால் இப்படி முடித்தாள்: 'அவரிடம் மனம்விட்டுப் பேசி மன்னிப்புக் கேட்டேன். எங்கள் உறவு முன்னைவிட வலுப்பட்டிருக்கிறது.'

அனுப்பியதும் பாரம் இறங்கியதுபோல இருந்தது. அதுதான் வினை. பாரம் இறங்கிவிட்டதால் திங்கட்கிழமை பேசவேண்டிய அவசரம் குறைந்துவிட்டது. யாரிடமோ கேட்டாகிவிட்டது மன்னிப்பு. கேட்கவேண்டியவளிடம் மட்டும்தான் பாக்கி.

எழுபத்தெட்டு மதிப்பெண் வந்தது. அந்த நாட்டுப் பல்கலைக்கழகங்களில் எழுபதைத் தாண்டினாலே தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுவார்கள்.

"நூத்துக்கு எழுபத்தெட்டுதானா? மீதி எங்க போச்சு?" என்றான் க்ளைவ்.

"மீதி இன்னும் பாக்கி இருக்கு" என்றாள் பெவ். அவனுக்குப் புரியவில்லை.

ஏப்ரலில் ஒரு புதன்கிழமை மூவர் கூட்டம். படிக்கிறவள், பல்கலைக்கழக ஆசிரியை, ஆஸ்பத்திரி மேலதிகாரி மூவரும் உட்கார்ந்து படிப்பு எப்படிப் போகிறது என்று பேசுகிற சம்பிரதாயம். ஆசிரியை ஃபெலிசிட்டி திரையில் இருந்தாள். மேலதிகாரி ஆலிஸ்டர் பெவ்வைவிடப் பத்து வயது இளையவன், நல்லவன்தான், ஆனால் எதைக் கண்டாலும் அதை மேடையேற்றவேண்டும் என்று துடிக்கிறவன்.

"அந்தக் கட்டுரையைப் படிச்சிட்டு நான் கொஞ்ச நேரம் எழுந்திருக்கவே இல்ல, பெவர்லி" என்றாள் ஃபெலிசிட்டி. "எவ்வளவு துணிச்சல்! முக்கியமா அந்த முடிவு. நிறைய பேர் அந்தப் பேச்சைப் பேசாமலே விட்டுடுவாங்க."

மடியில் கனம் இருந்தால் வழியில் பயம். பெவ் எதையோ குறித்துக்கொள்வதுபோல் தலையைக் குனிந்துகொண்டாள்.

"மே மாசம் ஊழியர் விழா வருதில்ல?" என்று ஆலிஸ்டர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டான். "நீங்க இதைப் பேசறீங்க. அந்தச் சக ஊழியரும் பக்கத்துல நின்னு ரெண்டு வார்த்தை சொன்னா எப்படி இருக்கும்! மாக்சின்தானே அது? நானே போய்க் கேட்டுடறேன்."

"வேண்டாம்!" பெவ்வின் குரல் அவளுக்கே அதிகமாகக் கேட்டது. "நானே கேக்கறேன், ஆலிஸ்டர்."

"நாளைக்குள்ள சொல்லுங்க. நிகழ்ச்சி நிரல் அச்சுக்குப் போகணும்."

இனித் தள்ளிப்போட நாளில்லை. தானாகச் சொல்லாவிட்டால் ஆலிஸ்டர் சொல்வான். தன் அம்மாவின் சாவுக்குத் தன் சிநேகிதி எழுபத்தெட்டு வாங்கினாள் என்றும், நடக்காத மன்னிப்பு ஒன்று நடந்ததாகத் தன் பெயரில் உலவுகிறது என்றும் மாக்சின் மூன்றாம் மனிதனிடமிருந்து தெரிந்துகொள்வாள். அதற்குப் பிறகு அந்தச் சிநேகத்தில் ஒட்ட வைக்க எதுவும் மிஞ்சாது. பெவ்வுக்கு அது வெட்டவெளிச்சமாகத் தெரிந்தது.

மறுநாள், வியாழக்கிழமை, வகுப்புக்கு வரமுடியாது என்று தகவல் அனுப்பிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். கிளினிக் இடைவேளையில் மாக்சின் கோப்பறையில் சூப் குடித்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி, வியாழக்கிழமையும் அதுவுமா? கணினி வெடிச்சிடுச்சா?"

பெவ் கதவைச் சாத்தினாள். "மாக்சின், ஒரு தலைமைப் பொறுப்புல இருக்கறவளா நான் அன்னிக்கு எடுத்த முடிவு…"

"இதை யாரு எழுதிக் கொடுத்தா?"

பெவ் நிறுத்தினாள். மறுபடி ஆரம்பித்தாள். "நீ அம்மாவைப் பார்க்கப் போகணும்னு கேட்டே. பரவாயில்லன்னு சொன்னே. அதுக்கு என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் இல்லைன்னேன். எனக்கு அன்னிக்கு வகுப்புல பேசணும்னு ஆசை. ஸாரி, மாக்சின்."

மாக்சின் கரண்டியை வைத்தாள். இப்போது நிறுத்தினால் அப்புறம் சொல்லவே மாட்டோம் என்ற பயத்தில் பெவ் மீதியையும் கொட்டினாள். கட்டுரை எழுதினது, மாக்சினிடம் பேசியதாக அதில் பொய் எழுதினது, மே மாத மேடை, எல்லாம்.

"எவ்வளவு போட்டாங்க?"

"எழுபத்தெட்டு."

"எங்கம்மாவுக்கு வயசே எழுபத்தொண்ணுதான்" என்றாள் மாக்சின்.

பெவ்வின் ஃபோன் அடித்தது. ஆலிஸ்டர். எடுக்காமல் விட்டிருக்கலாம். எடுத்தாள், மாக்சினின் முகத்தைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"இல்ல, ஆலிஸ்டர், அவ வரமாட்டா. நானும் பேசமாட்டேன். அந்தக் கட்டுரையில கடைசிப் பகுதி நடக்கவே இல்ல. நான் பொய் எழுதினேன். ஆமா, பொய். ஃபெலிசிட்டிகிட்டயும் இன்னிக்கே சொல்லப்போறேன்." அந்தப் பக்கம் அவன் ஏதோ பதறினான். "மதிப்பெண் போகும், தெரியும். படிப்பே போனாலும் போகட்டும். அப்புறம் பேசறேன்."

மாக்சின் சூப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பேசினாள். அவளுடைய வாயாடிக் குரல் இல்லை அது.

"உனக்கு ஒண்ணு சொல்லட்டுமா? நீ வெள்ளிக்கிழமை போயேன்னு சொன்னப்போ எனக்கு நிம்மதியா இருந்துச்சு."

"என்ன?"

"நர்ஸ் ஏதோ சொன்னான்னு சொன்னேன்ல? வியாழக்கிழமை தாண்டாதுன்னுதான் சொன்னா. நான் அதை உன்கிட்ட சொல்லல. அம்மா மூச்சுக்குத் தவிக்கறதைப் பார்க்க எனக்குப் பயம், பெவ். நீ போகச் சொன்னா போயாகணும். போகாதேன்னுட்டே. அப்பாடான்னு இருந்துச்சு. அன்னிக்கு முழுக்கக் கண் கிளினிக்ல ஓடி ஓடி வேலை பார்த்தேன், கார் சாவி என் பாக்கெட்லயே இருந்துச்சு. எப்ப வேணா எழுந்து போயிருக்கலாம். அப்புறம் எல்லாத்துக்கும் சேர்த்து உன்னை வெறுத்தேன். அது சுலபமா இருந்துச்சு." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நீயாவது எழுதித் தள்ளிட்டே. எனக்கு எழுதறதுக்கு ஒரு படிப்புகூட இல்ல."

பெவ் எழுந்து அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவளுக்குத் தாங்கவில்லை. இத்தனை நாள் இவள் தன்னைத் தண்டிக்கிறாள் என்று நினைத்தாளே தவிர, இவளும் தனியாக வெந்துகொண்டிருக்கிறாள் என்று ஒரு நாளும் தோன்றவில்லை. தோன்றியிருக்கவேண்டியது தனக்குத்தான்.

"இல்லடி. மேலாளர் நான். இல்லைன்னு சொன்னது நான். உன் மேல ஒரு தப்பும் இல்ல. அத்தனையும் என்னோடதுதான், அத்தனையும்…"

"நிறுத்து, பெவ்."

மாக்சின் திரும்பி அவளை நேராகப் பார்த்தாள். கோபம்கூட இல்லை அந்தப் பார்வையில், களைப்பு மட்டும்தான் இருந்தது.

"என் வியாழக்கிழமையை எடுத்துக்கிட்டே. எங்கம்மா செத்த கதையையும் எடுத்துக்கிட்டே. என் தப்பு ஒண்ணையாவது எனக்கு விட்டு வை."

கிளினிக் ஆரம்பிக்கிற நேரம் ஆனதும் மாக்சின் எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு மேசைக்குப் போனாள். பெவ் கோப்பறையிலேயே உட்கார்ந்து ஃபெலிசிட்டிக்கு எழுத ஆரம்பித்தாள். நர்ஸ் சொன்னதையும் கார் சாவியையும் பற்றி மாக்சின் சொன்னதை மட்டும் அதில் எழுதவில்லை.